பாயிண்ட்டில் ஒரு சீட்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் 'பாயிண்ட் சார்'தான். முதுகுக்குப் பின்னால் வெறும் 'பாயிண்ட்'. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கோபப்பட மாட்டார். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேலை, மருந்துத் தொழிற்சாலைகளில் இயந்திரம் பழுது பார்ப்பது. மாத்திரைகளை அட்டையில் அடைத்து, மேலே தகடு ஒட்டி, வெட்டி வெளியே தள்ளுமே, அந்த இயந்திரம். அது நின்றால் தொழிற்சாலையே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எந்த ஊரில் நின்றாலும் கம்பெனி இவரைப் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடும். டிக்கெட் கம்பெனிக் காசு. பறந்த தூரத்துக்கு விமானக்காரன் கொடுக்கிற பாயிண்ட் மட்டும் இவர் கணக்கில். "முதலாளிக்கே தெரியாம முதலாளி குடுக்கிற போனஸ்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஒரே விமானக் கம்பெனியைத் தவிர வேறொன்றில் கால் வைக்க மாட்டார். நேராகப் போகிற விமானம் இருந்தாலும் சுற்றிப் போவதையே கேட்டு வாங்குவார். சுற்றினால் பாயிண்ட் கூட. கூட வேலைக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியே எழுந்திருப்பார்கள். இவர் எங்கோ ஒரு விமான நிலையத்தில், கைப்பிடி வைத்த இரும்பு நாற்காலியில் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடப்பார்.

"நேரா வந்திருந்தா நேத்தே வந்திருக்கலாமே" என்பாள் மனைவி.

"யாருக்காக இதெல்லாம்? உனக்காகத்தானே. ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் பாரு, உன்னை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போறேன்னு."

அவள் பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு போவாள். மறுபடி அடுத்த வாரம் அதே பெட்டி, அதே துணி.

அவரை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. சேர்த்து வைக்கிற ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. செலவு செய்யப் போகிற நாள் எப்போதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்துகொண்டே இருக்கும். கிட்டே மட்டும் வராது. அவரும் அவளும் சேர்ந்து விமானத்தில் எங்கும் போனதில்லை என்பதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். பிள்ளை உண்டானதும் அம்மா வேண்டும் என்றாள். எந்த வீட்டிலும் நடப்பதுதான். மூன்று நான்கு மாதம் இருந்து, குழந்தைக்குத் தலை நிற்கிற வரை பார்த்துக்கொண்டு, திரும்பி வருவதாக ஏற்பாடு. அங்கேதான் பாயிண்ட் சார் தன் வாழ்க்கையின் மிகப்பெரிய தப்பைச் செய்தார். போவதற்கு மட்டும் காசு போட்டு டிக்கெட் வாங்கினார். வருவதற்கு வாங்கவில்லை.

"வர்றதுக்கு எதுக்கு தண்டமா காசு? பாயிண்ட் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. நீ கிளம்பணும்னு ஒரு வார்த்தை சொல்லு, அன்னைக்கே போட்டுடறேன்."

"திரும்பி வர டிக்கெட் இல்லாம போறது என்னவோ மாதிரி இருக்குங்க" என்று விமான நிலைய வாசலில் நின்று சொன்னாள். அவர் சிரித்து அவளை உள்ளே அனுப்பினார்.

பேத்தி பிறந்தாள். தலையும் நின்றது. அவள் ஒரு வார்த்தை சொன்னாள். இவரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஜம்பமாக உட்கார்ந்தார். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இத்தனை வருடம் பாயிண்ட் சேர்ப்பதில் காட்டிய கெட்டிக்காரத்தனத்தில் ஒரு துளிகூட, அதை எப்படிச் செலவழிப்பது என்று பார்ப்பதில் அவர் காட்டியிருக்கவில்லை.

விமானத்தில் இடம் இருக்கிறது என்பதற்காகப் பாயிண்ட்டுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். பாயிண்ட்டுக்கென்று விரல் விட்டு எண்ணக்கூடிய சீட்டுகளை ஒதுக்குவார்கள். அவற்றை எப்போது திறப்பார்கள் என்பது அந்த ஆண்டவனுக்கும் அவர்கள் கம்ப்யூட்டருக்கும் மட்டுமே வெளிச்சம். திறந்த கையோடு காணாமலும் போய்விடும். காசு கொடுக்கிறவனுக்குக் காலி விமானம், பாயிண்ட் வைத்திருப்பவனுக்கு நிறைந்த விமானம். இரண்டும் ஒரே விமானம்.

ஒரு முறை சீட் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு சக்கரம் சுழன்றது, சுழன்றது, பிறகு 'மன்னிக்கவும்' என்றது. இன்னொரு முறை, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி அவள் பெயர் இல்லை என்று தள்ளினார்கள். அதைச் சரி செய்வதற்குள் சீட் போய்விட்டது. அடுத்த முறை கிடைத்தது மூன்று இடத்தில் இறங்கி ஏறுகிற பயணம். நடுவில், பெயர் வாயில் நுழையாத ஒரு ஊரில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் தனியாக எப்படி உட்காருவாள் என்று வேண்டாம் என்றார். தான் அப்படி உட்கார்ந்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வந்ததோ என்னவோ. பிறகு ஒரு நாள், 'உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்ய' என்று ஆரம்பித்து ஒரு மெயில் வந்தது. சிறப்பாகச் சேவை செய்கிறோம் என்று எவனாவது எழுதினால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. இனிமேல் அதே சீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு பாயிண்ட் வேண்டுமாம். மலை மேடாகிவிட்டது. பாயிண்ட் சார் மறுபடியும் சுற்று வழி விமானங்களைக் கேட்டு வாங்கி ஏறினார்.

நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாதா என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். "நான் போக வரப் பாயிண்ட்டை எடுத்தா அவ வர்றதுக்குக் குறையுமே" என்றார். அதில் ஒரு கணக்கு இருந்தது. கணக்கு சரியாகவும் இருந்தது.

இங்கே இவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டிக் கொண்டிருக்க, அங்கே நாட்கள் அதுபாட்டுக்கு ஓடின. மகள் வேலைக்குத் திரும்பினாள். பாட்டி இல்லாமல் முடியாது என்றானது. மருமகன் எங்கெங்கோ எழுதிப் போட்டு மாமியார் தங்குவதற்கு அனுமதியை நீட்டி வாங்கினார். பேத்தியைத் தெருமுனை மழலைப் பள்ளியில் விடப் போனவள், அங்கே அழுகிற குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொள்ளப் போய், சும்மா உதவியாக இருந்து, பிறகு சம்பளத்துக்கே சேர்ந்துவிட்டாள். அந்த ஊர் மொழியைச் சாயங்கால வகுப்பில் படித்தாள்.

ஆரம்பத்தில் தினமும் ஃபோனில் கேட்பாள்: "சீட் கிடைச்சுதா?" பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு இவராகச் சொன்னால் "ம்" கொட்டுவாள். எந்த நாளோடு அவள் கேட்பதை நிறுத்தினாள் என்று அவருக்குத் தெரியாது. நிறுத்தினாள் என்பதே அவருக்கு நெடுநாள் உறைக்கவில்லை.

இப்படியே நாலு வருடம். நடுவில் அவர் ரிட்டயரும் ஆனார்.

ரிட்டயர் ஆனபோது இரண்டு கௌரவங்கள் ஒன்றாகப் போயின. ஒன்று வேலை. மற்றொன்று விமானக் கம்பெனியின் தங்க அட்டை. பறந்துகொண்டே இருந்தால்தான் தங்கம், உட்கார்ந்துவிட்டால் தகரம். முன்பெல்லாம் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் செய்தால் உடனே எடுத்துப் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார்கள். இப்போது சங்கீதம்தான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, அவர் முட்டையை வேக வைப்பார், ரொட்டியை வாட்டுவார், சட்டைக்கு இஸ்திரி போடுவார். போட்டுக்கொண்டு போக இடமில்லாத சட்டைகள். அந்தச் சங்கீதம் வீட்டில் ஓர் ஆள் இருக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியில் ஒரு பெண் எடுப்பாள். விவரம் எல்லாம் கேட்டு, தட்டிப் பார்த்து, இல்லை என்பாள். முடிக்கும்போது, "வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்பாள். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். அப்படிக் கேட்கிறவர்கள் அவருக்கு வேறு யாரும் இல்லை. சில நாள் வெறுமனே அதைக் கேட்பதற்காகவே ஃபோன் செய்தாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அன்றைக்கும் அப்படித்தான், பகலில், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, இல்லை என்ற பதிலுக்குத் தயாராக நின்றார். அந்தப் பெண் வழக்கத்தைவிட அதிக நேரம் தட்டினாள்.

"சார், லைன்ல இருங்க. அடுத்த மாசம் முதல் வாரத்துல ஒரு சீட் காட்டுது. நேர் விமானம்."

கத்தி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"திரும்பச் சொல்லும்மா."

"ஒரு சீட்தான் சார். உங்க பாயிண்ட் சரியா இருக்கு. ரெண்டு நாள் பிடிச்சு வைக்கலாம், அதுக்குள்ள உறுதி பண்ணிடுங்க. பயணம் பண்றவங்க ஃபோன் நம்பர் சொல்லுங்க சார்."

மனைவியின் நம்பரைச் சொன்னார். "வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள் அவள். "ஒண்ணும் வேண்டாம்மா, இதுக்கு மேல என்ன வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

உடனே மனைவியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், துணுக்கென்றது. கட்டிலில் அவள் படுக்கிற பக்கம் முழுக்கப் பழைய பேப்பர், ஸ்பேனர் பெட்டி, மடிக்காத துணி. சமையலறையில் நான்கு அடுப்பில் மூன்றின் மேல் தூசி. அலமாரியில் அவள் துணி வைக்கிற தட்டில் இவருடைய இயந்திரப் புத்தகங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. அவள் வருகிறாள் என்று சொல்வதற்கு முன்னால் அவள் வரக்கூடிய வீடாக இதை ஆக்க வேண்டும் என்று பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பெருக்கினார், துடைத்தார், தேய்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கடைக்குப் போய்ப் படுக்கை விரிப்பு கேட்டார்.

"ஒத்தைக் கட்டிலா, ரெட்டைக் கட்டிலா சார்?" என்றான் கடைக்காரன்.

"ரெட்டை" என்று தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுச் சொன்னார்.

மறுநாள் காலை சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார். அங்கே அது மதிய நேரம், பள்ளியில் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு ஓய்வாக இருப்பாள்.

ஃபோனை எடுத்துவிட்டாள், ஆனால் இவரிடம் பேசவில்லை. பக்கத்தில் யாரிடமோ அந்த ஊர் மொழியில் சளசளவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எதிராளி பதில் சொன்னாள். இவள் சிரித்தாள். பாயிண்ட் சார் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வீட்டில் அவள் சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள், சத்தம் வெளியே வராது. இது அப்படியில்லை, வயிற்றிலிருந்து வந்தது. இப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்பது இத்தனை வருடம் கழித்து அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ம், சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. என்ன அங்க ஒரே சத்தம்?"

"ஒண்ணுமில்லைங்க. டீ குடிச்சுட்டு இருக்கோம். அடுத்த மாசத்துலேருந்து கைக்குழந்தைங்க இருக்கிற ரூம் முழுக்க என் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. இனிமே நீதான் எங்களுக்கு முதலாளின்னு கிண்டல் பண்றாளுங்க."

அடுத்த மாதம். அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். நேற்றுத் துடைத்ததில் அது பளிச்சென்று இருந்தது.

"சீட் எதுவும் கிடைக்கலை" என்றார். அவள் அதைப் பற்றி விசாரித்திருக்கவே இல்லை.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கதவு ஒன்று திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்திருப்பாள் போல, காற்று இரைந்தது.

"எனக்கு நேத்தே மெசேஜ் வந்துருச்சுங்க" என்றாள் மெதுவாக. "என் பேரு, தேதி எல்லாம் போட்டு. உங்களுக்காகச் சீட் பிடிச்சு வெச்சிருக்கோம்னு."

அவர் ஃபோனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார்.

"ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"நீ சிரிச்சுக்கிட்டு இருந்த."

"அதுக்கு?"

"அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்ல. அதை விட்டுட்டு வான்னு எப்படிச் சொல்றது?"

லைன் அறுந்துவிட்டதோ என்று ஒரு தடவை ஃபோனை எடுத்துப் பார்த்தார். அறுபடவில்லை.

"நேத்துலேருந்து நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்" என்றாள். "என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம கிடந்தேன். ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"இந்த நாலு வருஷத்துல, ஒரே ஒரு தடவை, காசு போட்டு எனக்கு ஒரு டிக்கெட் வாங்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒதுக்கீடு, விதி மாறியது, பெயர் பொருந்தாதது, சக்கரம் சுழன்றது. இதற்கு மட்டும் இல்லை. "அவ்வளவு பாயிண்ட் இருக்கும்போது..." என்று ஆரம்பித்தார். தன் வாயில் அது எப்படி ஒலிக்கிறது என்று தனக்கே கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

"முதல் வருஷம் பூரா எதிர்பார்த்தேங்க. குழந்தை தூங்கினதும் ஜன்னல்கிட்ட நிப்பேன். இன்னைக்கு கூப்பிடுவாரு, பாயிண்ட்டாவது மண்ணாவது, டிக்கெட் வாங்கிட்டேன், கிளம்பி வாடின்னு சொல்லுவாருன்னு. சொல்லியிருந்தா பொட்டியைத் தூக்கிட்டு ஓடி வந்திருப்பேன். நீங்க ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டிட்டு ஃபோனை வெச்சுடுவீங்க. ஓசியில கிடைச்சா கூப்பிட்டுக்கலாம், இல்லாட்டி இருக்கட்டும், அவ்வளவுதான் நம்ம மதிப்புன்னு தோணிடுச்சு. அப்புறம் எதிர்பார்க்கிறதை விட்டுட்டேன். விட்டப்புறம்தான் இங்க நாலு மனுஷங்ககிட்டப் பேசவே ஆரம்பிச்சேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார், அவள் அழுதிருப்பாள், இருவரும் எங்காவது ஒரு இடத்தில் வந்து சேர்ந்திருப்பார்கள். என்றோ தீர்ந்துபோன ஒரு விஷயத்தை விவரம் சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது.

"இப்ப வாங்கட்டுமா?" என்றார். "காசு போட்டு. இன்னைக்கே. என்ன விலையா இருந்தாலும் சரி."

"வேண்டாங்க" என்றாள், அவர் முடித்த கையோடு. உடனே தணிந்து, "இப்ப வேண்டாம்" என்றாள்.

பாயிண்ட் சார் புது விரிப்பு விரித்த கட்டிலைப் பார்த்தார். எத்தனையோ தொழிற்சாலை வாசலில் கம்பெனிக் கடிதத்தைக் காட்டி உள்ளே விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கட்டின பெண்டாட்டியிடம் அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

"அப்ப நான் அங்க வரட்டுமா?"



"வாங்களேன். யாரு வேண்டாம்னா? பேத்தி குதிப்பா." கொஞ்சம் பொறுத்து, "படுக்கத்தான் எங்கன்னு யோசிக்கிறேன். நானும் பேத்தியும் ஒரே ரூம். சின்ன ரூம். ஹால்ல சோபா இருக்கு, வர்றவங்க எல்லாம் அதுலதான் படுப்பாங்க. உங்களுக்கு முதுகு வலிக்குமே" என்றாள்.

வருகிறவர்கள். அவரும் அந்தக் கணக்கில் சேர்ந்தாயிற்று. ஆனால் அவள் நிஜமாகவே அவர் முதுகைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள் என்பதும் தெரிந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியவில்லை.

"சோபா போதும்மா" என்றார். "காசு போட்டே வாங்கிடறேன். இந்த வாரமே வர்றேன்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. மறைப்பதற்காக இருமினார்.

"என்ன, சளியா?" என்றாள் அவள். "வரும்போது கம்பளிச் சட்டை எடுத்துட்டு வாங்க. இங்க குளிர் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது."

அவருக்குத் தெரியாதுதான். நாலு வருடத்தில் ஒரு தடவைகூட, அங்கே குளிருமா என்று அவர் அவளைக் கேட்டதில்லை.